மலையிறங்கும் கடிலாக்

இலங்கையில் பழைய காருக்கு வயதாகலாம், விலை மட்டும் எளிதில் இறங்குவதில்லை. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 2020 மார்ச்சில் மறுபடி மூடப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழிவிட்டார்கள். இப்படி மூடியும் திறந்தும் வந்த நாட்டில், ஓடுகிற காரை ஓடவைத்துக்கொண்டே இருப்பது ஒரு பெரிய தொழில்நுட்பக் கலையாக வளர்ந்துவிட்டது. மொரிஸ் மைனரின் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யும் அளவுக்கு அந்தக் கலை முதிர்ந்தது. இந்தச் சூழலில் எப்போதாவது ஒரு பழைய அமெரிக்கச் சொகுசு கார் விற்பனைக்கு வருகிறது. கடிலாக், லிங்கன், பியூக் என்று எதுவாகவும் இருக்கலாம். பயன்படுத்திய வாகனங்களை இறக்குமதி செய்ய வயது வரம்பு இருப்பதால், பெரும்பாலும் அது எப்போதோ தீவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வண்டி. அதை வாங்கி ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வைத்துக்கொள்ள நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, “இவ்வளவு பெரிய வண்டி மலை ஏறுமா?” என்பதுதான். பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். கரும்புகை வருகிறதா என்று பார்ப்பார். அந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதே என் வாதம். மலைநாட்டில் கனமான பழைய காரைச் சோதிப்பது ஏற்றம் அல்ல, இறக்கம். வாங்குபவர் அளக்க வேண்டியது எஞ்சினின் வலுவை அல்ல. இறங்கும்போது பிறக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைத்தான்.

ஏற்றத்தை முதலில் பார்த்து முடித்துவிடலாம். 1959ஆம் ஆண்டுக் கடிலாக்கில் 6.4 லீட்டர் வி8 எஞ்சின் இருந்தது. கம்பெனி அறிவித்த வலு 325 குதிரைத்திறன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல், கொழும்பில் 101. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதையும் கணக்கில் எடுத்தால், நுவரெலியாவின் காற்று கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. எஞ்சின் மூச்சிழுக்கும் காற்று குறைந்தால் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 325 என்பது 270 ஆகும். ஆட்களோடு 2,400 கிலோ எடையுள்ள கார், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குத் தேவைப்படுவது 30க்கும் குறைவான குதிரைத்திறன்தான். கையிருப்பில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. 37 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட 948 சிசி மொரிஸ் மைனர்கூட இந்த மலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கும்போது வி8 ஏறாதா என்ன? கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. காற்று மெலிந்தாலும் பெற்றோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவை சுமார் 9 வீதம் தடித்துப்போகும். பிளக் கறுக்கும், புகை வரும், பெற்றோல் வீணாகும். ஜெற்றை மாற்றினால் தீரும் குறை அது. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் 1930களிலிருந்து நடந்துவரும் மோட்டார் பந்தயமும் மேல்நோக்கித்தான் ஓடுகிறது. கைதட்டல் எப்போதும் ஏறுகிறவனுக்கே கிடைப்பதால், இறக்கம் நம் பேச்சிலிருந்து தப்பிவிடுகிறது.

இப்போது அதே கார் நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறது என்று கொள்வோம். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,400 மீட்டர். எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கினால் 33 மெகாயூல் வருகிறது. ஒரு லீட்டர் பெற்றோலை முழுதாக எரித்தால் கிடைக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏறும்போது எஞ்சின் மலைக்குக் கொடுத்துவைத்த அந்த ஆற்றலை, இறங்கும்போது மலை திருப்பித் தருகிறது. கார் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேகமாக மாற விடவும் முடியாது, வெப்பமாகத்தான் மாற்ற வேண்டும். சாய்வு மெலிதான இடங்களில் ரயரின் உருளல் தடையும் காற்றும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆகவே முழு வழிக்கும் கணக்குப் போட்டு மிரட்டுவது நேர்மையாகாது. செங்குத்தான துண்டுகளில்தான் விஷயம் இருக்கிறது. ஏழு வீதச் சாய்வில் 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், மலை நொடிதோறும் தரும் ஆற்றல் 16 கிலோவாட்டுக்கும் மேல். ரயரும் காற்றும் எடுத்துக்கொள்வது மூன்று அல்லது நான்கு. மீதி 13 கிலோவாட்டை யாராவது ஏற்க வேண்டும். வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய மின்கேத்தல்கள் ஆறேழு இடைவிடாமல் எரிவதற்குச் சமம் அது. நான்கு பேர் ஏறிய மொரிஸ் மைனரின் எடை ஏறத்தாழ ஒரு தொன். அதே சாய்வில், அதே வேகத்தில், அதன் பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் மிஞ்சுவது வெறும் 5 கிலோவாட் அளவுதான்.

அந்த 13 கிலோவாட்டையும் பிரேக்கே ஏற்றால் என்ன ஆகும்? 1950களின் அமெரிக்கச் சொகுசு கார்களில் பெரும்பாலானவற்றின் நான்கு சக்கரங்களிலும் இருந்தது டிரம் பிரேக். நான்கு டிரம்களிலும் சேர்த்து 45 கிலோ வார்ப்பிரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் கொஞ்சமும் வெளியேறாவிட்டால், எட்டு நிமிட இறக்கத்தில் அந்த இரும்பு 250 பாகைக்கும் மேல் சூடேறும். காற்று ஒரு பங்கைக் கொண்டுபோகும்தான். ஆனால் சுமையில் பெரும்பங்கு முன்சக்கரங்களில் விழுவதாலும், வெப்பம் பிறப்பது லைனிங் உரசும் உட்பரப்பில் என்பதாலும், சூடு ஏறவே கூடாத இடத்தில்தான் அதிகமாக ஏறும். சூடான டிரம் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். லைனிங்கிலுள்ள பிசின் வெந்து உராய்வு குறையும். இதற்கு மேல் அமெரிக்க டிரம்களுக்கென்றே ஒரு குணம் உண்டு. ஒரு ஷூ சுழற்சியோடு இழுபட்டு மற்ற ஷூவைத் தள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. மெல்ல மிதித்தாலே பலமாகப் பிடிப்பது இதனால்தான், சொகுசு என்று விளம்பரப்படுத்தப்பட்டதும் இதையே. ஆனால் உராய்வைப் பலமடங்காக்கும் அமைப்பு, உராய்வு குறையும்போது அந்தக் குறைவையும் பலமடங்காக்கும். உராய்வு கால்பங்கு குறைந்தால் பிடிப்பு கால்பங்குக்கும் மேலே குறைந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் இப்படி இல்லை. தட்டு சூடேறி விரிந்தால் பட்டையை நோக்கித்தான் விரியும். பிடிப்பும் உராய்வுக்கு நேர்விகிதமாகவே கூடும், குறையும். லிங்கன் கான்டினென்டலின் முன்சக்கரங்களில் 1965 முதல் டிஸ்க் வந்தது. ஆகவே பழைய அமெரிக்க கார் வாங்குகிறவர் அதன் வால் சிறகுகளின் அழகைப் பார்ப்பதற்கு முன், அது பிறந்த ஆண்டைப் பார்ப்பது நல்லது.

உயரம் இன்னொரு வழியிலும் பிரேக்கைத் தொடுகிறது. பவர் பிரேக் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு காலுக்கு உதவும் கருவி. வெளிக்காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு இளைத்துவிட்ட நுவரெலியாவில் அந்த உதவியும் ஏறத்தாழ அதே அளவு இளைக்கும். பிரேக் எண்ணெயின் கதையும் உண்டு. கிளைகோல் வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு ஈரத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பத்து வருடம் கொட்டிலில் நின்ற காரில் முதலில் மாற்ற வேண்டியது ஒயில் அல்ல, பிரேக் எண்ணெய். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி வழி கொண்ட இரட்டைப் பிரேக் அமைப்பை அமெரிக்கா 1968இல்தான் கட்டாயமாக்கியது. கடிலாக் 1962லேயே அதற்கு மாறிவிட்டது. அதற்கு முந்திய கார்களில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிடும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எஞ்சின் எதற்கு இருக்கிறது, கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளாதா என்று. பிடித்துக்கொள்ளும். என் வாதத்தின் நடுப்புள்ளியே அதுதான். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் ஒரு பம்பாக மாறுகிறது. அடைபட்ட வழியில் காற்றை இழுக்கவும் தன் உராய்வை வெல்லவும் ஆற்றலைச் செலவிடுகிறது. அந்த வெப்பம் ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் போய்விடும், பிரேக்குக்கு வராது. எவ்வளவு ஆற்றலை உண்ணும் என்பது எஞ்சினின் கொள்ளளவையும் அது சுழலும் வேகத்தையும் பொறுத்தது. மொரிஸ் மைனரை இரண்டாம் கியரில் 36 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,500 சுற்று சுழலும். அந்தச் சுழற்சியில் ஒரு லீட்டர்கூட இல்லாத அந்தச் சின்ன எஞ்சின் தன் பங்கான 5 கிலோவாட்டில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். பிரேக்குக்கு வேலையே குறைவு. கடிலாக்கின் ஏழுமடங்கு பெரிய எஞ்சினுக்கும் அந்தத் திறன் தாராளமாக உண்டு. ஆனால் ஓட்டோமெற்றிக் கியரை டிரைவில் விட்டு அதே வேகத்தில் இறங்கினால், உயர்ந்த கியரில் எஞ்சின் 800 சுற்றில் உறங்கிக்கொண்டிருக்கும். 13 கிலோவாட்டின் சிறு பகுதியைத்தான் அது தொடும்; மீதி முழுதும் டிரம்முக்கு. நெம்புகோலை லோவுக்கு இழுத்தால் சுழற்சி 2,000 வரை ஏறி, எஞ்சின் சுமையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். நாலு கியர் மொரிஸில் இறங்குகிறவனின் கையும் காலும் கியரை மாற்றியே தீர வேண்டும். வண்டியே அவனுக்குப் பாடம் நடத்திவிடும். சொகுசு காரோ, கியர் என்று ஒன்று இருப்பதையே ஓட்டுநர் மறந்துவிட வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. சமவெளியில் அது பெரும் வசதி. றம்பொடை வளைவுகளில் அதே வசதி, உயிரைக் காக்கும் ஒரு செயலை ஓட்டுநரின் கையிலிருந்து பறித்துவிடுகிறது. செவ்ரோலேயின் பவர்கிளைட் போன்ற இரண்டே வேகமுள்ள பெட்டியாக இருந்தால், இறங்குவதற்குக் கிடைக்கும் தெரிவும் அந்த ஒரே லோ மட்டும்தான்.

அமெரிக்காவிலும் மலைகள் இல்லையா, ரொக்கி மலைத்தொடரில் இதே கார்கள் ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடின. ஆனால் அங்கே பெருஞ்சாலைகள் அகலமானவை, வளைவுகள் பெரியவை. ஆகவே நின்று நின்று திருப்ப வேண்டியதில்லை. அதையும் மீறி, கொலராடோவின் 4,302 மீட்டர் பைக்ஸ் பீக் மலையிலிருந்து இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி வைத்திருக்கிறார்கள். இறங்கிவரும் ஒவ்வொரு காரின் பிரேக்கையும் தொடாமலே வெப்பம் அளக்கும் கருவியால் பார்த்து, சூடு மிகுந்திருந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கே வருபவை பெரும்பாலும் இன்றைய டிஸ்க் பிரேக் வண்டிகள். இந்தக் கார்களைப் படைத்த நாடே இறக்கத்தை இவ்வளவு கவனமாக நடத்துகிறது என்றால், 5.7 மீட்டர் நீளமுள்ள ஒரு டிரம் பிரேக் வண்டியை நமது ஊசிவளைவுகளில் இறக்குகிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

பெற்றோல் செலவும் உதிரிப்பாகமும் அல்லவா உண்மையான தொல்லை என்பது அடுத்த மறுப்பு. தொல்லைதான். 6.4 லீட்டர் வி8 ஒரு லீட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீட்டர் என்று பங்கிட்டபோது, அந்த வாரப் பங்கு நுவரெலியாவிலிருந்து கொழும்புவரைகூட இந்த வண்டியைக் கொண்டுசேர்த்திராது. ஆனால் அந்த நட்டம் உரிமையாளரின் பையோடு நின்றுவிடும். பிரேக் அப்படி நிற்பதில்லை. மலையகத்து வீதிகளில் பெரும்பாலான இடங்களில் நடைபாதை கிடையாது. கொழுந்துப் பையோடு திரும்பும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தார் ஓரத்திலேயே நடக்கிறார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ராதெல்ல குறுக்கு வீதியில் இறங்கிவந்த பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் அந்தப் பஸ்ஸில் பயணம் செய்தவர்கள் அல்லர். இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த கனத்தின் விலையை எதிரே வருகிறவர்கள்தான் கொடுக்கிறார்கள். ஆகவே பிரேக்கைப் பெற்றோல் கணக்கோடு ஒரே வரிசையில் எழுத என்னால் முடியவில்லை.

எஞ்சின் குளிர்ச்சியைப் பற்றி மலையில் ஒரு தவறான அச்சம் உலவுகிறது. மெலிந்த காற்றில் ரேடியேட்டர் வேலை செய்யாது என்பார்கள். காற்று ஆறில் ஒரு பங்கு மெலிந்ததுதான். ஆனால் 15 பாகைக் குளிர்காற்றுக்கும் 85 பாகைத் தண்ணீருக்கும் இடையிலான வேறுபாடு, கொழும்பின் 30 பாகைக் காற்றில் இருப்பதைவிடக் கால்பங்கு அதிகம். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நுவரெலியா ரேடியேட்டருக்குச் சற்று நல்ல இடமே. எஞ்சின் கொதிப்பது அங்கேயல்ல, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது. கீழ்நாட்டின் வெக்கை, மெதுவான வேகம், முழுச் சுமை மூன்றும் அங்கேதான் சேர்கின்றன. உயரத்தில் கவனிக்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். நல்ல அழுத்த மூடி அந்த எல்லையை 115 பாகைக்கு மேல் தள்ளும். ரப்பர் இறுகிப்போன மூடியோடு வந்தால் தண்ணீருக்கும் கொதிநிலைக்கும் பத்துப் பாகைதான் இடைவெளி. காரின் மிக மலிவான பாகங்களில் ஒன்று அது. ஓட்டோமெற்றிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய்க்கு இந்த ஏற்றம் இன்னும் கொடியது. மெல்ல ஏறும்போது பெட்டியின் திரவ இணைப்பு வழுக்கும் வழுக்கலெல்லாம் அந்த எண்ணெயில் வெப்பமாகத் தங்கும். பத்துப் பாகை கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது கராஜ்களில் நெடுநாள் பழகிய கணக்கு. அளவுகோலை உருவிப் பார்த்தால் அது சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறிக் கருகல் வாடை வந்தால், இறக்கத்தில் பெட்டி கியரைப் பிடித்துவைக்கும் என்று நம்ப முடியாது. எஞ்சின் பிரேக் என்று மேலே சொன்ன முழுக் காப்பும் அந்த எண்ணெயில்தான் தொங்குகிறது.

பழமையைத் தொடக்கூடாது என்று கருதுபவர்கள் ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். டிரம்மைக் கழற்றி முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டால் அது இன்னும் 1959 கடிலாக்கா என்று கேட்பார்கள். பழைய இயந்திரங்களை அவை பிறந்தபடியே காக்கும் விருப்பத்தை நான் மதிக்கிறேன். அவை இல்லாமல் ஒரு காலத்தின் பொறியியலை அடுத்த தலைமுறை தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் காட்சிக்கு வைக்கும் காரும் புசல்லாவை வீதியில் இறங்கும் காரும் ஒன்றல்ல. இந்த நாட்டின் கராஜ்கள் மொரிஸையும் ஒஸ்டினையும் காப்பாற்றியது அவற்றைத் தொடாமல் வைத்து அல்ல, தேவைப்பட்ட இடத்தில் துணிந்து மாற்றித்தான். முன்சக்கர டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், கியர்ப்பெட்டிக்குத் தனிக் கூலர் ஆகிய மூன்றையும் மலையில் ஓட்ட வாங்குபவர் பழமைக்குச் செய்யும் துரோகம் என்று எண்ண வேண்டாம். கழற்றிய டிரம்களைத் துணியில் சுற்றிக் கொட்டிலில் வைத்திருந்தால், மறுபடி பொருத்த எந்நாளும் வழியுண்டு.

இந்தச் செலவுகளுக்கும் மனம் இடம் கொடாவிட்டால், அதே பணத்தில் நல்ல நிலையிலுள்ள ஒரு மொரிஸையோ ஒஸ்டினையோ, இல்லையென்றால் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் உள்ள 1990களின் லிங்கன் டவுன் காரையோ தேடுவதுதான் நியாயமான முடிவு. மனம் கடிலாக்கிலேயே நின்றால், பேரம் பேசுமுன் விற்பவரோடு சேர்ந்து ஒரு செங்குத்தான இறக்கத்தை ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தில் மெதுவாக, லோவில் இறங்கிப் பார்க்கலாம். வேகம் தானாகக் கூடிக்கொண்டே போனால் கியர்ப்பெட்டி பிடிக்கவில்லை. கீழே நிறுத்தியதும், கடைகளில் இப்போது எளிதாகக் கிடைக்கும் தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியை நான்கு டிரம்களிலும் காட்ட வேண்டும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடதும் வலதும் பெரிதாக வேறுபட்டால் ஒரு பக்கச் சிலிண்டர் இறுகியிருக்கிறது, அல்லது ஒரு பக்க லைனிங் வேலையே செய்யவில்லை. நான்கும் கைவைக்கக்கூடிய சூட்டிலேயே இருந்தால் எஞ்சின் தன் பங்கைச் செய்திருக்கிறது. அதன் பிறகு பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாம், விலையையும் பேசத் தொடங்கலாம்.